ஆரனும் கோஹனும்

ஆசிரியருக்கு,

கணினி படம் வரைவதை நேற்று முளைத்த சங்கதி போலப் பேசுகிறார்கள். 1966-இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் பிரிட்டன் சார்பில் பங்கேற்ற ஓவியர் ஹெரால்ட் கோஹன், 1970-களிலேயே கலிபோர்னியாவில் ‘ஆரன்’ என்ற, படம் வரையும் கணினி நிரலை எழுதத் தொடங்கிவிட்டார். இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் போல அடுத்தவர் படங்களை விழுங்கி வளர்ந்ததல்ல அது. கோடு எங்கே திரும்ப வேண்டும், எங்கே மூடிக்கொள்ள வேண்டும் என்று அவரே விதி விதியாக எழுதிக் கொடுத்தது.

முதலில் ஆரன் கோடு போடும், கோஹன் வண்ணம் தீட்டுவார். 1990-களில் வண்ணத்தையும் அதற்கே சொல்லிக்கொடுத்தார். சரி, அத்தோடு ஓய்ந்தாரா? கடைசிக் காலத்தில் தொடுதிரையில் விரலை வைத்து மறுபடி தானே வண்ணம் தீட்ட ஆரம்பித்தார். 2016-இல் 87 வயதில் காலமானார்.

எனக்குப் பிடித்தது அந்த விரல்தான். கலைப் பக்கத்தில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை போடுங்களேன்.

– ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், கும்பகோணம்