'பயப்பட வேண்டாம்' என்றால் போதாது: ரைஃபிள் பாகங்கள் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரைஃபிள் பாகங்களைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கும், அங்கே தரம் பார்ப்பவர்களுக்கும், புகார்களுக்குப் பதில் எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

ரைஃபிளின் பின்புறத்தை மூடிப் பூட்டும் போல்ட் ஒன்றைப் புதிதாக வாங்கியவர் அதைக் கழற்றிப் பார்க்கிறார். அதைப் பூட்டும் முண்டுகளான லக்குகளில் ஒன்றின் முகம் பளபளவென்று தேய்ந்திருக்கிறது, எதிர்ப்பக்கத்து லக்கில் பூச்சு கலையவே இல்லை. படம் எடுத்து உங்களுக்கு அனுப்புகிறார். "இது வெறும் தோற்றக் குறை, பயப்பட வேண்டாம்" என்று ஒரு வரியில் பதில் வருகிறது. சுடுதல் கழகத்தில் ரைஃபிள்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பதால், இந்த ஒரு வரியைப் பலர் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எதை அளந்து, எதைப் பார்த்து அப்படிச் சொன்னீர்கள் என்பது மட்டும் அந்தப் பதிலில் இருப்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். புதுப் பாகத்தில் தெரியும் தடங்களில் பெரும்பகுதி கவலைப்படத் தேவையில்லாதவை. தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் ஏ.ஆர். வகை ரைஃபிளில், போல்ட்டைத் திருப்பும் கேம் பின் உரசி, போல்ட் ஓடும் கூடான மேல் ரிசீவரின் உட்புறத்தில் ஆனடைசிங் பூச்சு நீங்கி, அலுமினியம் பளிச்சென்று தெரியும். போல்ட்டைச் சுமக்கும் கேரியரின் தண்டவாளங்களில் பாஸ்பேட் பூச்சு சீக்கிரமே கலைந்துவிடும். இரண்டும் இயல்பானவை. பெட்டியைத் திறந்ததுமே கரியும் உரசலும் தெரிந்தால், "யாரோ பயன்படுத்தியதை விற்றுவிட்டார்கள்" என்று சிலர் கொதிக்கிறார்கள். துப்பாக்கிச் சோதனைக்கு விதி வகுக்கும் சர்வதேச அமைப்பான சி.ஐ.பி.யின் விதிகள் நடப்பில் உள்ள நாடுகளில் ஒவ்வொரு ரைஃபிளும் விற்பனைக்கு முன், அதிகபட்ச அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலான அழுத்தம் தரும் தோட்டாவால் சோதிக்கப்பட வேண்டும். அப்படிச் சுட்டுப் பார்த்த ரைஃபிளில் தடம் இல்லாமல் எப்படி இருக்கும்? குண்டு பாயும் குழலான பேரலுக்குள் விட்டுப் பார்க்கும் போர்ஸ்கோப் கருவி மலிவாகிவிட்ட பிறகு பேரலைப் பற்றிய புகார்களும் கூடிவிட்டன. அத்தனை பெரிதாக்கிப் பார்த்தால் நன்றாகச் சுடும் பேரல்கூட உழுத நிலம் மாதிரிதான் தெரியும். குண்டைச் சுழலவைக்கும் வரிகளுக்குக் குறுக்கே, துளையைச் சீராக்கும் ரீமர் விட்டுப்போன வளையங்கள் தொழிற்சாலைப் பேரல்களில் சகஜம். அதில் கொஞ்சம் செம்பு கூடுதலாகப் படியும், சுத்தம் செய்யக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் நீங்களே வாங்குபவரிடம் சொல்லலாமே? எந்த இடத்தில் பூச்சு கலையும், எந்த இடத்தில் கலையக் கூடாது என்று ஒரு பக்கம் அச்சடித்துப் பெட்டியில் வைத்தாலே பாதிப் புகார்கள் வராது.

மீதிப் பாதிதான் முக்கியம். பளபளப்பும் கிழிசலும் ஒன்றல்ல. இரண்டு பரப்புகள் உரசி மழமழப்பானால் நகத்தால் தடவும்போது எதுவும் தட்டாது, அளவும் மாறாது. ஒரு பரப்பிலிருந்து உலோகம் பிய்ந்து மற்றதில் அப்பிக்கொண்டால் நகம் தடுக்கும், போல்ட்டை இழுக்கும்போது கையில் நெருடும். துருப்பிடிக்காத எஃகும் துருப்பிடிக்காத எஃகும் எண்ணெய் இல்லாமல் உரசினால் இது வெகு சீக்கிரம் நடக்கும். அப்படி அப்பிக்கொண்டது மேலும் மேலும் பிய்த்துக்கொண்டே போகும். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று இதற்கு எழுதாதீர்கள். படத்தில் இந்த வேறுபாடு தெரியாது. பாகத்தைத் திரும்ப வாங்கிக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கடைசல் தடங்களிலும் இடம்தான் எல்லாம். கேரியரின் வெளிப்பக்கத்தில் கட்டர் ஓடிய வரிகள் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதே வரி லக்கின் அடிமூலையில், வளைவு இருக்க வேண்டிய இடத்தில் கூர்மையாக விழுந்திருந்தால், ஒவ்வொரு முறை சுடும்போதும் விசை அங்கேதான் குவியும். ஏ.ஆர். போல்ட்டுகள் உடையும்போது பெரும்பாலும், சுட்ட தோட்டாக் கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரை ஒட்டிய லக்கிலோ கேம் பின் துளையிலோதான் விரிசல் விடுகின்றன. அந்த இரண்டு இடங்களிலும் ஒரு பிசிறோ குறுக்குக் கீறலோ இருந்தால் அதை 'தோற்றக் குறை' என்று எழுத எனக்குக் கை வராது. தோட்டா அமரும் சேம்பரும் அப்படித்தான். உள்ளே சுற்றிவரக் கீறல் இருந்தால், சுட்ட தோட்டாவின் கூடான கேஸில் அதே வளையங்கள் பதிந்து வெளிவரும், சில நேரம் வெளியே வரவே அடம்பிடிக்கும். புகார் செய்பவரிடம் சுட்ட கேஸ் ஒன்றையும் அனுப்பச் சொல்லுங்கள். ரைஃபிளின் படம் சொல்லாததை அது சொல்லும்.

ஒரே லக் தேய்ந்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். மேலும் கீழுமாக இரண்டு லக் உள்ள கையால் போல்ட்டை இயக்கும் ரைஃபிளில், சுடத் தயாராகக் காக் செய்த நிலையில், ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்தும் சியர் போல்ட்டின் பின்பகுதியைச் சற்று மேலே தள்ளும். அதனால் மேல் லக் தன் இருக்கையை விட்டு இம்மியளவு விலகும், கீழ் லக் மட்டும் உரசும். சும்மா திறந்து மூடினாலே இந்தத் தடம் விழும். ஆகவே கீழ் லக் பளபளப்பதை வைத்து மட்டும் கடைசல் கோணல் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. சியர் தள்ளாமல் இருக்க ஃபயரிங் பின் தொகுதியைக் கழற்றிவிட்டு, லக்கின் பின்முகத்தில் ப்ரஷியன் ப்ளூ சாயம் தடவி, போல்ட்டைப் பின்னோக்கி அழுத்தியபடி மூடித் திறந்து பார்க்க வேண்டும். அப்போதும் ஒரே பக்கம்தான் சாயம் அழிகிறது என்றால், முழுப் பாரத்தையும் ஒரு லக்தான் தாங்குகிறது. சுடச்சுட இருக்கை அமுங்கி, மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா தங்கி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரமான ஹெட்ஸ்பேஸ் கூடும். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு, போல்ட் மூட வேண்டிய அளவுகோலான கோ கேஜ் வழக்கமாக 1.630 அங்குலம், மூடக் கூடாத நோ-கோ 1.634 அங்குலம். இடையில் இருப்பது 0.1 மில்லிமீட்டர் அளவுதான். இதைக் கண்ணால் சொல்ல யாராலும் முடியாது, எனக்கும் முடியாது, படத்தைப் பார்த்துப் பதில் எழுதும் உங்கள் ஊழியருக்கும் முடியாது.

கண்ணை நம்பியதற்கு விலை கொடுத்த வரலாறு உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 ரைஃபிளின் ஆரம்ப ரிசீவர்கள் அருமையான கடைசல் வேலை. ஆனால் எஃகைச் சூடாக்கும்போது அதன் நிறத்தைப் பார்த்தே பதம் முடிவு செய்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் ரிசீவர்கள் நொறுங்கத் தொடங்கிய பிறகுதான் வெப்பம் அளக்கும் பைரோமீட்டர் வைத்துப் பார்த்தார்கள். மேகமூட்டமான நாளில் சரியாகக் கணித்த அதே அனுபவசாலி, வெயில் நாளில் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை அதிகமாகச் சூடேற்றியிருந்தது தெரிந்தது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் 8,00,000க்குக் கீழும், ராக் ஐலண்ட் ஆலையில் 2,85,507க்குக் கீழும் வரிசை எண் உள்ள ரிசீவர்களை இன்றும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். மறுபக்கம், 1942, 1943 காலத்து சோவியத் மோசின் ரைஃபிள்களின் ரிசீவரில் கட்டர் தடம் கரடுமுரடாகத் தெரியும். அவசரத்தில் மெருகைத்தான் விட்டார்கள், போல்ட் பூட்டும் இடங்களை விடவில்லை. அவற்றில் ஏராளமானவை இன்னும் சுடுகின்றன.

எனவே நான் கேட்பது கூடுதல் மெருகு இல்லை. போல்ட்டில், விரிசல் காட்டும் காந்தத்துகள் சோதனையின் முத்திரை குத்துகிறீர்கள். அது அந்த போல்ட்டையே சோதித்ததற்கா, அந்தத் தொகுதியில் ஒன்றிரண்டை எடுத்துச் சோதித்ததற்கா என்று எழுதுங்கள். கேரியருக்கு வாயுவைக் கொண்டுவரும் கேஸ் கீயின் (gas key) திருகுகள் கழலாதபடி சரியாகக் குத்தி நெரிக்கப்பட்டிருக்கிறதா என்பதை அனுப்பும் முன் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடட்டும், இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பாரம் தாங்கும் பரப்பைப் பற்றி வரும் புகாருக்குப் படத்தை வைத்துப் பதில் எழுதுவதை நிறுத்துங்கள். பாகத்தை உங்கள் செலவில் வரவழையுங்கள், அளவெடுங்கள், கிடைத்த அளவையும் அனுமதித்த வரம்பையும் அருகருகே எழுதி அனுப்புங்கள். குறை இல்லை என்றால் அதே பாகத்தைத் திருப்பி அனுப்புங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். அளந்து முடியும்வரை அதைச் சுட வேண்டாம் என்று முதல் பதிலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் போல்ட்டுக்குப் பின்னால் ஒருவர் கன்னத்தை வைத்துக் குறிபார்க்கப் போகிறார்.

இப்படிக்கு,
சுடுதல் கழகம் ஒன்றில் ரைஃபிள்களைப் பராமரிப்பவன்