கெய்னைக் குறைச்சுப் பாரு, பாப்பா

பர்மிங்ஹாம்ல இருக்கற பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்ல அனுப்பின ரெண்டு ரெக்கார்டிங்கையும் ஹெட்போன் போட்டுக் கேட்டேன். முதலாவது, ரூம்ல நீ தனியா வாசிச்சது. பிரமாதம். ரெண்டாவது, பேண்டோட ரிகர்சல்ல எடுத்தது. அதுல டிரம்ஸ் கேக்குது, பாஸ் கிட்டார் கேக்குது, அந்தப் பையன் தொண்டை கிழியக் கத்தறதும் கேக்குது. உன் கிட்டார் மட்டும் எங்கேயோ பின்னால ‘உஸ்ஸ்’னு வெறும் இரைச்சலா ஓடிட்டு இருக்கு. "ஆம்ப்ல வால்வு போயிடுச்சாப்பா?"ன்னு கேட்டிருந்த. ஆம்ப்ளிஃபயர் வால்வுக்கு ஒண்ணும் ஆகலை. ரெண்டு இடத்துலயும் ஒரே செட்டிங்ல வாசிச்சிருக்க, விஷயம் அதுதான்.

போட்டோல பார்த்தேன். குமிழ் நிக்கற இடத்தைக் கடிகார முள் மாதிரி மணியாச் சொல்றேன். மூணாவது சேனல்ல கெய்ன், அதான் சத்தத்தை உடைக்கற குமிழ், 4 மணிக்கு நிக்குது. அடி சுரத்துக்கான பாஸ் 3 மணி. நடு சுரத்துக்கான மிட் 9 மணிக்கும் கீழ. மேல் சுரத்துக்கான ட்ரெபிளும் பிரசன்ஸும் 2 மணி. மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டர் 8 மணியத் தாண்டலை. இந்த மாதிரி மெசா பூகி கம்பெனியோட டூயல் ரெக்டிஃபயர் ஆம்ப் என் கடைக்கு வரும்போதெல்லாம் காலேஜ் பசங்க இதே கோலத்துலதான் கொண்டுவந்து வைப்பாங்க. சர்வீஸுக்கு வந்ததுல பாதி ஆம்ப்ல கோளாறே இருக்காது.

ரூம்ல ஏன் நல்லா இருந்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன். சத்தம் கம்மியா இருக்கும்போது நம்ம காது அடி சுரத்தையும் உச்ச சுரத்தையும் சரியா வாங்காது, நடுவுல இருக்கறதைத்தான் நல்லா வாங்கும். அமெரிக்காவுல பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் 1933லயே இதை அளந்து கோடு போட்டுக் காட்டிட்டாங்க. அதனால ரூம்ல மெதுவா வாசிக்கறவன் கை தானா பாஸையும் ட்ரெபிளையும் ஏத்தும், மிட்டை இறக்கும். அதே செட்டிங்கோட ரிகர்சல்ல வால்யூமை ஏத்தினா அடி குமுறும், மேல கீச்சிடும். போதாக்குறைக்கு அடியில பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் உக்காந்திருக்கு, மேல சிம்பல் மொத்தமும் இருக்கு. கிட்டாருக்குன்னு மிஞ்சற இடம் நடுவுலதான். அந்த இடத்தைத்தான் நீ 9 மணிக்குக் கீழ இறக்கி வச்சிருக்க.

ஆக முதல் வேலை மிட்டை 1 மணிக்கு ஏத்து. தனியாக் கேட்டா மூக்கால பேசற மாதிரி இருக்கும், அசிங்கமாக்கூட இருக்கும். பொறுத்துக்கோ. டிரம்ஸ் சேர்ந்ததும் அந்த அசிங்கம்தான் கிட்டாரா நிக்கும்.

இன்னொண்ணு. இந்த ஆம்ப்ல இருக்கற பாஸ், மிட், ட்ரெபிள் மூணும் பழைய ஃபெண்டர், மார்ஷல் ஆம்ப் வழி வந்த சர்க்யூட். மூணும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கும். எல்லாத்தையும் 12 மணிக்கு வச்சா சமமா இருக்கும்னு நினைக்காத, அப்பவே நடுவுல ஒரு பள்ளம் விழுந்திருக்கும். ட்ரெபிள் குமிழ் வழியாத்தான் சிக்னல்ல பெரும்பகுதி போகுது. அதை ரொம்ப ஏத்திட்டா மத்த ரெண்டும் திருகினாலும் பெருசா மாறாது. அதனால ட்ரெபிளை 11, 12 மணிக்குள்ள வச்சுட்டு அப்புறம் மத்ததைத் தொடு.

இப்ப கெய்ன். இதைத்தான் நான் நீட்டி எழுதப் போறேன், சலிச்சுக்காம படி.

கெய்ன் ஏத்தினா கனம் கூடும்னு நினைக்கறோம். நிஜத்துல கெய்ன் ஏத்தினா சிக்னல் உச்சி வெட்டுப்பட்டு மெத்துன்னு சமதளமா ஆயிடும். நீ பிக்கை ஓங்கி அடிச்சாலும் தடவினாலும் ஒரே அளவு சத்தம். அடியோட அந்த முதல் ‘டக்’ இருக்கே, அது போயிடும். பேண்டுக்கு நடுவுல கிட்டாரைத் தூக்கிக் காட்டறதே அந்த ‘டக்’தான். கெய்னை 11 மணிக்கு இறக்கு, மாஸ்டரை ஏத்து. முதல் பத்து நிமிஷம் ஆம்ப்ல பலம் போன மாதிரி இருக்கும், கை வலிக்கும். ஏன்னா இதுவரை ஆம்ப் பண்ணிட்டிருந்த வேலையை இனி உன் வலது கை பண்ணணும்.

கனம் எங்கேருந்து வருதுன்னா, ரெண்டு சுரத்தைச் சேர்த்து மீட்டற பவர் கார்டை எடுத்துக்கோ. அதுல இருக்கறது நம்ம தம்பூராவுல இருக்கற அதே ச, ப தான். அடி ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ், அதோட பஞ்சமம் 123. உச்சி வெட்டுப்படற அந்த டிஸ்டார்ஷன்ல ரெண்டு சுரம் மோதினா அதோட வித்தியாசமும் ஒரு சுரமாப் பொறக்கும். 123ல 82 போனா 41. அது நீ வாசிச்ச ஈ-க்குச் சரியா ஒரு ஸ்தாயி கீழ, பாஸ் கிட்டாரோட அடிக் கம்பி சுரம். நீ தொடாத சுரத்தை ஆம்ப் தானா வாசிக்குது! காந்தாரத்தையும் சேர்த்து முழு கார்டு போட்டா பொறக்கற சுரம் எதோடயும் ஒட்டாம அடிச்சுக்கும், அதான் ஹை கெய்ன்ல முழு கார்டு சேறா இருக்கு. அந்த இடத்துல கார்டை மாத்தணும், இல்லேன்னா கிட்டார்ல இருக்கற வால்யூம் குமிழை பத்துலேருந்து 6, 7க்கு இறக்கணும். இறக்கினதும் அதே சேனல் கிரஞ்ச், அதான் லேசான கரகரப்பு, ஆயிடும். உங்க செட்ல யாருமே அந்தக் குமிழைத் தொடறதில்லை, எப்பவும் பத்துலயே கிடக்கு.

அடுத்தது பாஸ். பருப்பு வேகறதுக்கு முன்னாடி புளியைக் கரைச்சு ஊத்தினா பருப்பு வேகாது, வெந்தப்புறம் அதே புளியை ஊத்தினா சாம்பார். பாஸ் விஷயமும் அதுதான். டிஸ்டார்ஷனுக்கு முன்னாடி பாஸ் நிறைய உள்ள போனா, பெரிய அலை எல்லா இடத்தையும் அடைச்சுக்கும், உள்ளங்கையால கம்பியை அமுக்கி வாசிக்கற பாம் மியூட் ‘டுக் டுக்’னு விழாம ‘பொத பொத’ன்னு விழும். டிஸ்டார்ஷனுக்கு அப்புறம் பாஸ் சேர்த்தா நெஞ்சுல இடிக்கும். உன் ஆம்ப்ல பாஸ் குமிழ் டிஸ்டார்ஷனுக்கு அப்புறம் இருக்கு. அதைக் குறைச்சா குமுறல் குறையும், ஆனா பொதபொதப்பு முழுசாப் போகாது. அதே மெசா பூகி கம்பெனியோட மார்க் சீரிஸ்ல டோன் குமிழ்கள் முன்னாடியே வரும். மெட்டாலிகா எண்பதுகள்ல வாசிச்ச ஆம்ப் அது. அந்த ஆம்ப் வச்சிருக்கறவங்க பாஸ் குமிழை பத்துக்கு 1, 2 அளவுலயே வச்சுட்டு, கடைசியில வர்ற அஞ்சு பட்டை கிராஃபிக் ஈக்வலைசர்ல அடியை ஏத்திக்குவாங்க. முன்னால குறை, பின்னால கூட்டு.

உன் ஆம்ப்புக்கு முன்னால பாஸைக் குறைக்க, கால்ல மிதிக்கற ஒரு பெடல் வேணும். ட்யூப் ஸ்க்ரீமர் மாதிரி பச்சைப் பெடல் எதுவா இருந்தாலும் சரி, செகண்ட் ஹேண்ட்ல வாங்கு. டிரைவ் ஜீரோ, லெவல் கிட்டத்தட்ட ஃபுல், டோன் 12 மணி. டிஸ்டார்ஷனுக்காக இல்லை. அதுக்குள்ள 720 ஹெர்ட்ஸுக்குக் கீழ போகப் போகத் தூக்கல் குறைஞ்சுகிட்டே வரும், அந்தக் கத்தரிப்புக்காகத்தான் அதைப் போடறோம். போட்டதும் கெய்னை இன்னும் ஒரு கோடு இறக்கலாம்.

இது ஒண்ணும் புது வித்தை இல்லை. நீ இருக்கற ஊர்லயே பொறந்தது. தகரப் பட்டறையில வேலை பார்த்து வலது கை விரல் நுனி ரெண்டு போன டோனி ஐயோமி, இடது கைப் பழக்கம்ங்கறதால அந்த வலது கையாலதான் கம்பியை அழுத்தணும். பிளாஸ்டிக்கை உருக்கி நுனி செஞ்சு மாட்டிக்கிட்டு, மெல்லிசான கம்பி போட்டு, அப்புறம் சுருதியையும் இறக்கி பிளாக் சபாத் பேண்ட்ல வாசிச்சார். அவர் ஆம்ப்பும் அந்த ஊர்க்காரங்க செஞ்ச லேனி. அந்த லேனிக்கு முன்னால அவர் வச்சது ட்ரெபிள் பூஸ்டர். உலகத்துலயே கனமான சத்தம்னு பேரெடுத்த ஆளு ஆம்ப்புக்குள்ள அனுப்பினது மேல் சுரத்தைத் தூக்கின சிக்னல். பிராட் ஸ்ட்ரீட் பாலத்துல அவங்க பேர்ல பெஞ்ச் இருக்குன்னு நீதானே படம் அனுப்பின. அடுத்த தடவை அதுல உக்காரும்போது பாஸ் குமிழை நினைச்சுக்கோ.

சேனல் மாத்தறதுக்கு வர்றேன். நீ ஒவ்வொரு சேனலையும் தனித்தனியா அழகு பண்ணி வச்சிருக்க, மாத்தும்போது ஒண்ணு காணாமப் போகுது, ஒண்ணு காதைக் கிழிக்குது. வரிசை முக்கியம். முதல்ல ரிதம் சேனலை டிரம்மரோட சேர்ந்து வாசிச்சு அளவு வை. பிறகு கிளீன் சேனலை அதுக்கு ஏத்த மாதிரி ஏத்து. கிளீன்ல வெட்டு இல்லாததால மெதுவாத் தடவும்போது ரொம்பச் சின்னதாவும், ஓங்கி அடிச்சா திடீர்னு பெருசாவும் வரும். நீ பாட்டுல எப்படி வாசிக்கிறியோ அந்த அடிக்கு வை. கடைசியா லீடு, அதான் தனியா முன்னால வந்து வாசிக்கற இடம். லீடுக்குக் கெய்ன் ஏத்தணும்னு அவசியமே இல்லை. ரிதம் செட்டிங்கையே எடுத்து, மிட்டை இன்னும் கொஞ்சம் ஏத்தி, மாஸ்டரை ஒரு கோடு ஏத்து, போதும். ரெண்டாவது சேனல்ல வின்டேஜ் மோடைப் போட்டு லீடுக்கு வச்சுக்கோ. மாடர்ன் மோடு, ஸ்பீக்கரை அடக்கி வைக்கற பவர் ஆம்ப்போட நெகட்டிவ் ஃபீட்பேக்கைக் கழட்டி விட்டுடும், ஸ்பீக்கர் கட்டுப்பாடு இல்லாம ஆடும். ரிதத்துக்கு அந்த முரட்டுத்தனம் வேணும்னா இருக்கட்டும், ஆனா பிரசன்ஸை 10 மணிக்கு மேல விடாத. பின்பக்கம் இருக்கற சுவிட்சுகள்ல ‘போல்ட்’, ‘டயோடு’ ரெண்டையும் போடு. டயோடுக்குப் பதிலா, கரண்டை நேர்படுத்தற ரெக்டிஃபயர் வால்வுல வாசிச்சா வோல்டேஜ் கொஞ்சம் தொய்யும். ப்ளூஸுக்கு அது சுகம், நீ வாசிக்கற வேகத்துக்கு இழுவை.

எதிரொலி போடற டிலே, ரிவெர்ப் ரெண்டும் ஆம்ப்போட எஃபெக்ட்ஸ் லூப்ல, டிஸ்டார்ஷனுக்கு அப்புறம் போகட்டும், கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவுல வைக்காத. டிஸ்டார்ஷனுக்குள்ள எதிரொலி போனா வெறும் கூழ். இரைச்சலை அடைக்கற நாய்ஸ் கேட்டை நம்பாத, கெய்ன் இறங்கினாலே பாதி இரைச்சல் போயிடும்.

மாஸ்டரை ஏத்தச் சொல்றேனே, 100 வாட் ஆம்ப், பக்கத்து வீட்டுக்காரன் என்ன சொல்வான்னு யோசிப்ப. ரூம்ல ஏத்த வேணாம், ரிகர்சல்ல மட்டும். 50 வாட் வாங்கியிருந்தாலும் 3 டெசிபல்தான் வித்தியாசம், அதனால 100 வாட்டே விலை கம்மியா கிடைச்சதேன்னு சந்தோஷப்படு. அம்மா காதுல பஞ்சு வச்சுக்கச் சொல்றா. பஞ்சு மேல் சுரத்தை மட்டும் அடைச்சிட்டு அடியை விட்டுடும், அப்புறம் நீ ட்ரெபிளைத்தான் ஏத்துவ. மியூசிஷியனுக்குன்னே விக்கற இயர் ப்ளக் வாங்கிக்கோ.

கேப், அதான் ஸ்பீக்கர் பெட்டி, எங்க வச்சிருக்க? தரையில, உன் முழங்காலுக்கு நேரா வச்சுட்டு ரெண்டடி தள்ளி நிக்கற. 12 இன்ச் ஸ்பீக்கர் மேல் சுரத்தை நேர்கோட்டுலதான் வீசும். உன் முழங்காலுக்குப் போற ட்ரெபிள் உன் காதுக்கு வராது, நீ ஏத்திக்கிட்டே போவ, எதிர்ல இருக்கற டிரம்மருக்கு ஊசியாக் குத்தும். கேப்பை ஒரு ஸ்டூல் மேல தூக்கு, இல்லை சாய்ச்சு வை. அப்புறம் உக்காந்து காதை அதோட உயரத்துக்குக் கொண்டுபோய் ஒரு தரம் கேட்டுட்டு செட்டிங் வை. போன்ல ரெக்கார்ட் பண்றதை விட்டுட்டு எஸ்எம்57 மைக் ஒண்ணு கடன் வாங்கு. ஸ்பீக்கர் நடுவுல உருண்டையா ஒரு மூடி இருக்கும் பாரு, அதோட விளிம்புல மைக்கை வை. நடுவுக்கு நகர்த்தினா கூர்மை, வெளிய நகர்த்தினா மந்தம். ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஒரு விரல்கடை அளவு நகர்த்திப் பாரு, ஈக்வலைசர்ல அரைமணி நேரம் தேடினாலும் கிடைக்காத மாற்றம் அதுல கிடைக்கும். பதிவுல கனம் வேணும்னா கெய்ன் குறைச்சு ரெண்டு தடவை வாசி, ஒண்ணு இடது, ஒண்ணு வலது. காப்பி பண்ணி ஒட்டாத, நிஜமாவே ரெண்டு தடவை வாசிக்கணும்.

கேட்க மறந்தது ஒண்ணு இருக்கு. அந்தக் கேப்பை ஆம்ப்போட சேர்த்து வாங்கலை, வேற ஆளுகிட்ட வாங்கினன்னு சொன்ன. பின்பக்கம் எத்தனை ஓம்னு லேபிள் இருக்கும். ஆம்ப் பின்னால 16, 8, 4 ஓமுக்குத் தனித்தனி ஜாக் இருக்கு, எதுல செருகியிருக்கன்னும் பாரு. நடுவுல போற ஒயர் ஸ்பீக்கர் ஒயர்தானா, கிட்டார் கேபிளைச் செருகி வச்சிருக்கியான்னும் பாரு. கேப் இணைக்காம ஆம்ப்பை ஒரு நிமிஷம்கூட ஆன் பண்ணாத, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும், அந்த டிரான்ஸ்ஃபார்மர் விலைக்கு இன்னொரு கிட்டார் வாங்கலாம். மூணையும் போட்டோ எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்ற வரைக்கும் மாஸ்டரை இப்ப இருக்கற இடத்துலயே விட்டுவை.

அப்பா