பிராசசர் போகவில்லை, சூடுதான் ஏறியிருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்ப்பவன் நான். எங்கள் ஊர்ப் பங்குனி வெயில் எப்படி இருக்கும் என்று பொள்ளாச்சிப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஏப்ரலில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கையே விடுத்தார்கள். அந்த வெயிலில் லேப்டாப் படும் பாட்டைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை என்பதால் இந்தக் கடிதம்.

மார்கழியில் என் லேப்டாப்பில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் கம்பைல் ஆக, அதாவது எழுதிய நிரல் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற, 40 நிமிடம் பிடித்தது. பங்குனியில் அதே வேலை ஒன்றே முக்கால் மணி நேரம் இழுத்தது. கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். மூடியைக் கழற்றிக்கூடப் பார்க்காமல், “பிராசசர் போச்சுங்க, புதுசு வாங்கிக்குங்க” என்று சொல்லிவிட்டார்கள். லேப்டாப்பின் மூளையான பிராசசரே போய்விட்டது என்றால் மனது கேட்கவில்லை. முதல் நான்கு நிமிடம் கம்பைல் பறக்கிறது, அதற்குப் பிறகுதான் படுத்துக்கொள்கிறது. கெட்டுப்போன பிராசசர் அப்படியா ஓடும்?

வீட்டுக்கு வந்து, வெப்பநிலை காட்டும் ‘சென்சார்ஸ்’ கட்டளையை ஒரு பக்கம் ஓடவிட்டு மறுபடி கம்பைல் கொடுத்தேன். 60, 75, 90 என்று ஏறி 98 டிகிரியில் போய் நின்றது. அந்த நொடியில் 3.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய பிராசசர் 1.2-க்கு இறங்கியது. பெரும்பாலான லேப்டாப் பிராசசர்களுக்கு 100 டிகிரி சுற்றுவட்டாரம்தான் எல்லை. அதைத் தொட்டால் கருகிப்போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் பார்க்கும்போதும் கடிதம் அடிக்கும்போதும் இது தெரியாது, பிராசசருக்கு நடுநடுவே ஓய்வு கிடைத்துவிடும். கம்பைலில் கோர்கள் என்கிற பிராசசரின் வேலைப் பிரிவுகள் எல்லாமே மூச்சுவிடாமல் உழைக்கின்றன. அறைக் காற்றே 38 டிகிரி என்றால் ஃபேன் எந்தக் குளிர்ச்சியைக் கொண்டுவந்து தரும்?

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு அடிமூடியைக் கழற்றினேன். ஃபேனுக்கும் சூட்டைக் கடத்தும் செம்புக் குழாயின் தகடுகளுக்கும் நடுவே தூசி அடையடையாகப் பிடித்திருந்தது, பழைய தலையணைப் பஞ்சு மாதிரி, எங்கள் காட்டுச் செம்மண் நிறத்தில். விரலால் முழுசாக உரித்து எடுக்க முடிந்தது. பிராசசரின் சூட்டை அந்தக் குழாய்க்குக் கடத்த அதன் மேல் பூசியிருந்த டெர்மல் பேஸ்ட், வெற்றிலைப் பெட்டியில் காய்ந்துபோன சுண்ணாம்பாக வெடித்துக் கிடந்தது. துடைத்துவிட்டுப் புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வைத்து மூடினேன். சூடு 82-ஐத் தாண்டவில்லை, கம்பைல் 45 நிமிடத்தில் முடிந்தது. செலவு பேஸ்ட்டுக்கு மட்டும்தான்.

எனக்கு விவரம் தெரிந்ததால் தப்பித்தேன். எதிர்வீட்டுப் பெண் கோவையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். அவள் லேப்டாப்புக்கும் இதே தீர்ப்பு கிடைத்தது. அவள் அப்பா மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். புது லேப்டாப்புக்காக அவள் அம்மாவின் வளையலை அடகு வைக்கக் கிளம்பியவரை வாசலிலேயே நிறுத்தினேன். அந்தப் பெண் மெத்தை மேல் வைத்து வேலை செய்திருக்கிறாள், காற்று இழுக்கும் அடிப்பக்கத் துளை எல்லாம் போர்வையில் அடைபட்டிருந்தது. ஒரு பலகையும் அரைமணி நேரத் துடைப்பும் போதுமாக இருந்தது. விண்டோஸ் பவர் ஆப்ஷனில் பிராசசரின் உச்ச அளவை 99 சதவீதமாக்கி, டர்போ என்கிற கூடுதல் வேகத்தையும் நிறுத்தினேன். தொட்டால் சுடுகிற சூடு போய்விட்டது.

பழுது பார்க்கும் அண்ணன்மார்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ‘புதுசு வாங்குங்கள்’ என்று சொல்வதற்கு முன், வேலை கொடுத்து ஒரு பத்து நிமிடம் வெப்பநிலையைப் பாருங்கள். உங்களை நம்பி வருகிறவர்களுக்கு அது இரண்டு மாதச் சம்பளம்.

ஆசிரியர் அவர்களே, லேப்டாப்பைத் திறந்து துடைப்பது எப்படி என்று படங்களோடு ஒரு பக்கம் வெளியிடுங்கள். மாசி முடிவதற்குள் வந்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கொழிஞ்சாம்பாறை