படிகம் வளர்க்கும் குறிப்புகளில் கிராம் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நெருங்கினால் சிறுவர் பக்கங்களில் வீட்டில் படிகம் வளர்க்கும் குறிப்புகள் வரத் தொடங்கும். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து செய்ய இவ்வளவு நல்ல அறிவியல் கைவேலை வேறு அதிகம் இல்லை. இன்னும் நிறைய வரட்டும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே அறிவுரையைத் தருகின்றன: "கொதிக்கும் நீரில், இனிக் கரையாது என்ற நிலை வரும்வரை தூளைப் போடுங்கள்." பல வீடுகளில் முயற்சி கெட்டுப்போவது இதனால்தான். அளவுக்கு மீறிக் கரைத்தால் படிகம் வராது, வெள்ளைப் பொருக்குதான் வரும்.

படிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். 100 மில்லி நீரில் 20 டிகிரி செல்சியஸில் அது சுமார் 11 கிராம் கரையும். 30 டிகிரியில் ஏறக்குறைய 17 கிராம், 60 டிகிரியில் 57 கிராம். கொதிநீரில் போட்டுக்கொண்டே போகலாம். படிகாரத்தின் எடையில் 45 சதவீதம் நீர்தான்; 92 டிகிரியைத் தாண்டினால் அது தனக்குள் இருக்கும் நீரிலேயே உருகிவிடும். இப்படி அள்ளிப் போட்ட கரைசல் ஆறும்போது, அறை வெப்பநிலையில் நீர் தாங்கும் அளவு போக மீதி எல்லாம் சில மணி நேரத்தில் வெளியே வந்தாக வேண்டும். பாத்திரத்தின் அடி, சுவர், நூல், தூசி என்று அகப்பட்ட இடத்திலெல்லாம் ஆயிரக்கணக்கில் படிகங்கள் தோன்றி ஒன்றையொன்று நெருக்கும். தப்பி வளர்வதும் கலங்கலாகவே இருக்கும், ஏனென்றால் வேகமாக வளரும் படிகம் கரைசலின் துளிகளையும் உள்ளே வைத்து மூடிக்கொள்கிறது.

தெளிவான ஒற்றைப் படிகம் வேண்டுமானால் இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும். முதலில் விதைப் படிகம், அதாவது பெரிய படிகம் வளரத் தொடக்கமாக இருக்கும் சிறு படிகம். 200 மில்லி டிஸ்டில்டு வாட்டரை 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கி 40 கிராம் படிகாரத் தூளைக் கரைத்து, வடிதாளில் வடிகட்டி, அகலமான கண்ணாடித் தட்டில் ஊற்றி அசைக்காமல் வைக்க வேண்டும். (கடின நீரில் கரைத்தால் பால் போன்ற கலங்கல் வரும். சேற்று நீரைப் படிகாரம் தெளியவைக்கிறதே, அதே வினைதான் அங்கும் நடக்கிறது.) ஓரிரு நாளில் அடியில் 3 முதல் 5 மில்லிமீட்டர் படிகங்கள் கிடக்கும். ஒன்றோடொன்று ஒட்டாத, முகங்கள் பளபளக்கும் ஒன்றை இடுக்கியால் எடுத்து மெல்லிய நைலான் இழையில் கட்ட வேண்டும். பருத்தி நூல் ஆகாது. அதன் ஒவ்வொரு சிலும்பிலும் புதுப் படிகம் முளைக்கும். இரும்புக் கம்பியும் வேண்டாம், படிகாரக் கரைசல் அமிலத்தன்மை கொண்டது, துரு ஏறிக் கரைசல் மஞ்சளாகும்.

தட்டில் மீந்த கரைசலைக் கொட்டிவிடக் கூடாது. அன்றைய அறை வெப்பநிலைக்குச் சரியாகத் தெவிட்டிய, அதாவது அதற்கு மேல் கரைக்க முடியாத கரைசல் அது. எந்த அட்டவணையைப் பார்த்தும் அவ்வளவு துல்லியமாகத் தயாரிக்க முடியாது. அதில் 100 மில்லிக்கு 2 கிராம் வீதம் மட்டும் படிகாரம் சேர்த்து, சூடாக்கி முழுவதும் கரைத்து, மறுபடி அறை வெப்பநிலைக்கு முற்றிலும் ஆறவிட்ட பிறகே விதையைத் தொங்கவிட வேண்டும். இளஞ்சூடு இருந்தாலே விதை கரைந்து நூலிலிருந்து நழுவிவிடும்.

விதை வளர்கிறதா, கரைகிறதா என்று உடனே கண்டுபிடிக்க வழி உண்டு. பாத்திரத்தின் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். படிகத்திலிருந்து கண்ணாடி இழை போன்ற மெல்லிய ஓட்டம் கீழே இறங்கினால் அது கரைகிறது. சுற்றியுள்ள கரைசல் கனத்து இறங்குவதுதான் அப்படித் தெரிகிறது. ஓட்டம் மேலே ஏறினால் வளர்கிறது; படிகாரத்தை இழந்த கரைசல் இலேசாகி எழும்புகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே பிள்ளைகளை இந்த வேலையில் இறக்கலாம்.

பிறகு வேலை கொஞ்சம்தான். வாயை வடிதாளால் மூடி, தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். பகலில் வெப்பம் ஏறினால் படிகத்தின் முனைகள் மழுங்கும், இரவில் குளிர்ந்தால் அவசரமாக வளரும். பெட்டி இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிறது. விரைவாக வளரட்டும் என்று குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தால் ஒரே இரவில் பொடிப் படிகங்கள் கொட்டிப்போகும். அடியில் வேறு படிகங்கள் தோன்றினால் வளரும் படிகத்தை வெளியே எடுத்து, கரைசலை வேறு பாத்திரத்துக்கு வடித்து, சூடாக்கி ஆறவைத்துத் திரும்பத் தொங்கவிட வேண்டும். கரைசலின் மட்டம் படிகத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. சில வாரங்கள் பொறுத்தால் எட்டு முகங்கள் கொண்ட எண்முகி கிடைக்கும்.

கிடைத்ததை அளக்கவும் சொல்லுங்கள். 109.5 டிகிரிக்கு வெட்டிய அட்டையை இரு முகங்கள் சேரும் விளிம்பில் வைத்தால் சரியாகப் பொருந்தும். விதையிலும் அதே கோணம், பெரிய படிகத்திலும் அதே கோணம். ஒரே பொருளின் படிகங்களில் முகங்களுக்கிடையிலான கோணம் மாறாது என்பதை 1669இல் டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலாஸ் ஸ்டெனோ எழுதிவைத்தார். அணு அடுக்கைப் பற்றி ஒன்றும் தெரியாத காலத்தில் கண்ட உண்மை அது. இன்று ஒரு பத்து வயதுப் பிள்ளை அட்டைத் துண்டால் சரிபார்க்கலாம்.

அலங்காரப் பொருள்களுக்கு இவ்வளவு பொறுமை தேவையில்லை, அங்கே பொருக்குதான் அழகு. பஞ்சு போன்ற இழை சுற்றிய கைவேலைக் கம்பியை (பைப் கிளீனர்) நட்சத்திரமாக வளைத்து, 100 மில்லிக்கு 25 கிராம் கரைத்த சூடான கரைசலில் தொங்கவிட்டு ஆறவைத்தால் ஓர் இரவில் மூடிக்கொள்ளும். முட்டை ஓட்டின் உட்புறம் பசை தடவிப் படிகாரத் தூளைத் தூவி உலர்த்தி, ஆறிய கரைசலில் அமிழ்த்தினால் உள்ளே படிகக் குகை உருவாகும். நிறம் வேண்டுமென்றால் உணவுச் சாயம் இதற்குப் பொருந்தும். ஒற்றைப் படிகத்துக்கு வேண்டாம்; நல்ல படிகம் சாயத்தைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை.

உப்புக்கும் இதே முறையை எழுதிவிடுகிறார்கள். அது நடக்காது. 100 கிராம் நீரில் உப்பு 0 டிகிரியில் 35.7 கிராமும் 100 டிகிரியில் 39 கிராமும் கரைகிறது. ஆறவைத்தால் மூன்று கிராம்தான் திரும்பும். உப்பை அகலத் தட்டில் தானாக ஆவியாக விட வேண்டும். கட்டி பிடிக்காமலிருக்க எதுவும் சேர்க்காத உப்பாக இருந்தால் கனசதுரங்கள் திருத்தமாக வரும்.

மயில்துத்தத்தைப் (காப்பர் சல்பேட்) பற்றி எச்சரிக்காமல் முடிக்க முடியாது. அதன் நீலம் யாரையும் இழுக்கும். ஆனால் விழுங்கினால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், சாக்கடையில் கொட்டினால் மீன்களைக் கொல்லும். சிறுபிள்ளைகளுக்கான குறிப்பில் அதற்கு இடமே இருக்கக் கூடாது. வெங்காரத்தையும் (போராக்ஸ்) தவிர்க்கலாம், இனப்பெருக்கத் திறனுக்குக் கேடு செய்யக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் அதை வகைப்படுத்தியிருக்கிறது. வெங்காரத்தில் செய்யும் நட்சத்திரங்களைப் படிகாரத்திலேயே செய்யலாம்.

ஆகவே தங்கள் இதழில் இத்தகைய குறிப்பு அடுத்து வரும்போது, "கரையும் மட்டும்" என்பதற்குப் பதில் நீர் எத்தனை மில்லி, தூள் எத்தனை கிராம், எந்த வெப்பநிலை என்று மூன்று எண்களையும் அச்சிட வேண்டுகிறேன். சூடாக்குவது பெரியவர் வேலை, அந்தப் பாத்திரம் மறுபடி சமையலுக்கு ஆகாது, கரைசல் மீது "குடிக்கக் கூடாது" என்று எழுதி ஒட்ட வேண்டும் என்ற மூன்று வரிகளையும் சேருங்கள். முடிந்த படிகத்தை நீரில் கழுவாமல் துணியில் ஒற்றி எடுத்து, நிறமற்ற நகப்பூச்சு ஒரு பூச்சு கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வறண்ட காற்றில் நீரை இழந்து முகங்கள் வெளுத்துவிடும்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்