சூசைக்கு, நான்கு மாதம் கழித்து

பாளையங்கோட்டை

அன்புள்ள சூசை,

ஸ்தோத்திரம். உன் வழக்கப்படி “இயேசுவுக்கே புகழ்” என்று பதில் சொல்லிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். மேரிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவனுக்கு இன்னும் மாற்றல் வரவில்லை. ரோஸியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. உங்கள் கத்தோலிக்கப் பங்கில் இணைய வானொலி தொடங்கப் போகிறார்கள், உன்னையும் குழுவில் போட்டிருக்கிறார்கள். நேயர்கள் எதனால் நிற்கிறார்கள், எதனால் போய்விடுகிறார்கள், கிறிஸ்தவ வானொலி அலுவலகத்தில் பதினோரு வருடம் நேயர் கடிதம் பிரித்தவன் நீதான் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தாய். கடிதம் வந்த அன்றே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். தவறாக ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அதை எழுத நான் எதற்கு? போன மாதம் முக்கூடலுக்குப் போய் ஞானம்மாள் சித்தியைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது.

சூசை, சித்தி வானொலி கேட்பதை நிறுத்திவிட்டார்.

உனக்கு அந்த வீடு தெரியும். திண்ணையில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு சித்தி பீடி சுற்றுவார், தலைக்கு மேல் ஆணியில் வானொலி தொங்கும். இலையை நறுக்கி, தூளை வைத்து, உருட்டி, நூலைச் சுற்றி முடிக்கிற கைகளுக்குக் கண் தேவையில்லை. காது சும்மாதான் இருக்கும். ஆயிரம் பீடிக்குக் கூலி என்கிற கணக்கில் பகல் முழுக்கப் போகும். மாலையானால் புத்தளத்திலிருந்து வரும் கிறிஸ்தவத் தமிழ் ஒலிபரப்பு. இலங்கையின் மேற்குக் கரை, 882 கிலோஹெர்ட்ஸ், 400 கிலோவாட். நடுவில் இருப்பது மன்னார் வளைகுடாவின் உப்புத் தண்ணீர், மத்திய அலைக்கு அதைவிட நல்ல பாதை கிடையாது. பொழுது அடைந்தால் இன்னும் தெளிவாக வரும். அந்த வானொலியின் முகப்புக் கண்ணாடியில் எண்கள் அழிந்து வெகு காலமாகிவிட்டது. பீடிக் கட்டில் ஒட்டுகிற லேபிளின் ஓரத்தைக் கிழித்துச் சித்தி அதில் ஒட்டி வைத்திருந்தார். முள் அந்தச் சிவப்புக்கு நேராக வந்தால் புத்தளம்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பெட்டி நின்றுபோயிற்று. முக்கூடலில் பழுது பார்ப்பவர் சாமான் கிடைக்காது என்று சொல்லிவிட்டார். அதற்கு முன்பே எல்.இ.டி. பல்பு போட்டால் இரைச்சல், போன் சார்ஜர் செருகினால் இரைச்சல். பேரன் நல்ல பையன். ஒரு கைபேசி வாங்கிக் கொடுத்து, அதில் இருபத்துநான்கு மணி நேரமும் வரும் ஒரு கிறிஸ்தவ இணைய வானொலியைப் போட்டுக் கொடுத்தான். இரைச்சலே கிடையாது. கண்ணாடி போல ஒலி.

ஒரு வருடம்கூடச் சித்தி அதைக் கேட்கவில்லை.

“ஏன் சித்தி?” என்று கேட்டேன். “அது எந்நேரமும் வருகிறதே ஐயா. எந்நேரமும் வருவதற்கு நான் எதற்குக் காத்திருக்க வேண்டும்?” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் பொழுது அடைந்ததும் உலை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாராம். அந்தப் பாட்டு வரும், அந்தக் குரல் வரும். “நான் வந்து உட்கார்ந்தது அவர்களுக்குத் தெரிந்த மாதிரி இருக்கும்.”

இது கிழவியின் கற்பனை என்று உங்கள் குழுவில் இருக்கும் இளைஞர்கள் சொன்னால் விடாதே. நான் பிரித்த கடிதங்களில் பிரசங்கத்தைப் பற்றி எழுதியவர்கள் சிலர்தான். எல்லாரும் எழுதியது நேரத்தையும் தாங்கள் இருந்த இடத்தையும். வலை பின்னிக்கொண்டு கேட்கிறேன், வாழைத்தோட்டத்துக்குக் காவல் இருக்கும்போது கேட்கிறேன், கணவர் வருவதற்குள் கேட்டுவிட்டு அணைத்துவிடுவேன். கணவருக்குத் தெரியாமல் கேட்ட பெண்களின் கடிதங்களில் அனுப்புநர் முகவரியாகப் பக்கத்து வீடு இருக்கும். அந்தப் பதினைந்து நிமிடம் அவர்களுடைய நாளில் ஓர் ஆணி. அதில்தான் மற்ற வேலையை எல்லாம் மாட்டி வைத்திருந்தார்கள். சொல்லாமல் நேரத்தை மாற்றிய மாதங்களில் கடிதம் எப்படிக் குறைந்தது என்று நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

தொடர்ச்சியும் அப்படித்தான். மெக்கீ என்ற அமெரிக்கப் போதகர் வானொலியில் வேதாகமம் முழுவதையும் ஐந்து ஆண்டுகளில் ஒரு சுற்று என்று கொண்டு போனாரே, பஸ்ஸில் ஏறிக்கொள்ளுங்கள் என்று. அவர் 1988-ல் இறந்துவிட்டார். பஸ் நிற்கவில்லை, தமிழிலும் ஓடியது. லேவியராகமம் தலையைச் சுற்றுகிறது என்று எங்களுக்கு எழுதிய ஓர் ஆசிரியை எண்ணாகமத்துக்கும் இருந்தார், உபாகமத்துக்கும் இருந்தார். விட்ட இடத்திலிருந்து நாளைக்குத் தொடரும் என்று தெரிந்தால் மனிதர்கள் வருகிறார்கள்.

நீயும் நானும் மட்டும் வேறு எதற்காகக் கேட்டோம்? உங்கள் வீட்டு மாடியிலிருந்து வேப்பமரம் வரை செம்புக் கம்பி இழுத்துக் கட்டி, சீஷெல்ஸ் தீவிலிருந்து வரும் ஃபேபா என்ற கிறிஸ்தவ வானொலியைப் பிடிக்க முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவோமே. அதன் ஆன்டெனாக் கம்பங்கள் கடலுக்குள், பவளப்பாறைத் திட்டின் மேல் நிற்கின்றன என்று படித்த அன்று உனக்குத் தூக்கமே வரவில்லை. 2003-ல் அந்தச் சிற்றலை நின்றபோது எனக்கு வீட்டில் ஒரு சன்னலை அடைத்தது போல இருந்தது. 2018-ல் மணிலாவிலிருந்து வந்த உங்கள் கத்தோலிக்க வானொலி வேரித்தாஸின் சிற்றலை நின்றபோது நீ இரவு பதினொரு மணிக்குப் போன் செய்து ஒன்றுமே பேசாமல் இருந்தாய். வத்திக்கான் வானொலி 1931-ல் மார்க்கோனியே கட்டிக்கொடுத்த நிலையம் என்று பத்தாம் வகுப்பு முழுக்க நீ அடித்த பெருமையை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். நீ கேட்டதை உறுதிசெய்து வத்திக்கானிலிருந்து அனுப்பிய அட்டையை என் கையில் தராமல் தூரத்தில் நின்று காட்டினாய் பார், அதை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சரி, சித்திக்கு வருகிறேன். நேரம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் நான் இத்தனை கலங்கியிருக்க மாட்டேன்.

அந்த இணைய வானொலியில் அரைமணிக்கு ஒருமுறை காணிக்கை அறிவிப்பு. இந்த ஊழியத்தைத் தாங்குகிறவர்களை ஆண்டவர் தாங்குவார், வங்கிக் கணக்கு எண் இது. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வாங்கும் சித்தி, பேரனை விட்டு 300 ரூபாய் அனுப்பினார். மறுவாரத்திலிருந்து போன் வரத் தொடங்கியது. பெயர் சொல்லி, மாதந்தோறும் விதைக்கும் பங்காளியாகச் சேருங்கள் என்று. இரண்டாம் முறையும் அனுப்பினார். பிறகு பேரனுக்கு டெங்கு வந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, ஜெபத்துக்குத் தொடர்புகொள்ள என்று அவர்கள் சொல்லும் எண்ணைச் சித்தி ஒரு நர்ஸிடம் கொடுத்து அழுத்தச் சொல்லியிருக்கிறார். பதிவு செய்த குரல் வந்தது. ஜெபத்துக்கு ஒன்றை அழுத்தவும், காணிக்கைக்கு இரண்டை அழுத்தவும். ஒன்றை அழுத்தினார்கள். பாட்டு ஓடியது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்து நின்றுவிட்டது.

“பணம் கேட்க மனுஷர் பேசினார்கள் ஐயா. ஜெபத்துக்குக் கேட்டபோது மனுஷர் இல்லை.” இவ்வளவுதான் சொன்னார். பேரன் பிழைத்துவிட்டான், சுகமாக இருக்கிறான். ஆனால் அந்தக் கைபேசி இப்போது அரிசிப் பானைமேல் கிடக்கிறது.

எனக்கு வந்த கோபத்தை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. வானொலிக்குப் பணம் வேண்டும், தெரியும். டீசலுக்கும் கம்பத்துக்கும் ஆளுக்கும் பணம் வேண்டும். மத அமைப்புகளுக்கு நம் நாட்டில் எஃப்.எம். உரிமம் கிடையாது, வெளிநாட்டு அலைவரிசையில் நேரம் வாங்க வேண்டும், அது இனாமாக வராது. நாங்களும் கேட்டிருக்கிறோம், மாதக் கடிதத்தின் கடைசி வரியில். ஆனால் ஏழை விதவை போட்ட இரண்டு காசே எல்லாரையும்விட அதிகம் என்று இயேசு சொன்னதைக் காணிக்கை விளம்பரமாக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றி எரிகிறது. அந்தச் சம்பவத்துக்கு முந்தின வசனம்தான் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைப் பற்றியது. மாற்கு சுவிசேஷத்தில் 12-ஆம் அதிகாரம். எடுத்துப் பார்.

இப்போது நான் கேட்காமலே கிடைத்ததைச் சொல்கிறேன். கிளம்பும்போது ஜெபம் செய்யச் சொன்னார். வேதாகமத்தை எடுத்துக் கொடுத்தார். சங்கீதப் புத்தகத்தில் ஒரு நீலநிற இன்லாண்டு கடிதம் இருந்தது. மடிப்புகள் பிய்ந்து, நூல் போட்டுத் தைத்திருந்தது, பீடி நூல். நான் அந்தக் கையெழுத்தைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டேன். ராஜநாயகம் அண்ணன்! உன்னைப் பார்த்தாலே “என்ன, ரோமாபுரியில் மழையா?” என்று கேட்பாரே, அவரேதான். 1991-ஆம் ஆண்டுத் தேதி. மேலே எங்கள் அலுவலகத்தின் அச்சிட்ட பதில். கீழே அவர் பேனாவால் எழுதிய வரி: “சகோதரி, உங்கள் கடிதத்தை நான் மட்டுமே படித்தேன். வியாழன் இரவு எட்டு மணிக்கு உங்களுக்காக முழங்காலில் நிற்பேன். நீங்களும் அந்த நேரம் நினைத்துக்கொள்ளுங்கள்.”

சூசை, அப்போது நான் அதே அறையில், அண்ணனுக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். என் சொந்தச் சித்தி, நான் வேலை பார்க்கும் இடத்துக்கே கடிதம் எழுதியிருக்கிறார். முதலெழுத்து மட்டும் போட்டு, என் கண்ணில் படாமல். “உன்னிடம் சொல்லக்கூடியதா அது?” என்றார். சித்தப்பாவைப் பற்றியது. அந்த வருடங்களில் சித்தப்பா குடித்துவிட்டு என்னவெல்லாம் செய்தார் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், எனக்கும் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும். முக்கூடல் முத்திரையைப் பார்த்து எழுதியது யார் என்றும் ஊகித்திருப்பார், என் சித்தி ஊர் அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னோடு தினமும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்.

சித்தி எத்தனை வியாழக்கிழமை எட்டு மணிக்கு அப்படி உட்கார்ந்தார் என்று கேட்டேன். சித்தப்பா இறக்கும்வரை என்றார். எட்டு வருடம்.

ஒரு மனிதர் நாற்பது கடிதத்துக்கு நாற்பது வரி கையால் எழுதினார். நேரம் வீணாகிறது, அச்சிட்ட தாள் போதும் என்று மேலே இருந்தவர்கள் சொன்னபோது நானும் அவர்களோடு தலையாட்டினேன் என்பது இப்போது என் நெஞ்சை அறுக்கிறது.

ஆகையால் உங்கள் குழுவுக்கு நீ எடுத்துப் போக வேண்டியது இதுதான்: ஒலிப்பதிவுக் கருவியை வாங்குவதற்கு முன் பதில் எழுத ஆள் போடுங்கள். கடிதமோ குறுஞ்செய்தியோ, வந்ததைப் படிக்க ஒருவர், படித்ததை வெளியே சொல்லாத ஒருவர். இருபத்துநான்கு மணி நேரத்தை நிரப்ப வேண்டாம். ஒரு மணி நேரம் போதும், தினமும் அதே நேரம், அதே குரல். குரலுக்கு அடியில் கீபோர்டு வாசிக்க வேண்டாம் என்று அந்த இளைஞர்களிடம் கெஞ்சிக் கேள். வயதானவர்களின் காதுக்கு இரண்டும் சேர்ந்து ஒரே இரைச்சல்தான். பிறர் சாமியைப் பழித்துப் பேசுகிறவரை ஒருநாளும் மைக் முன்னால் உட்கார வைக்காதீர்கள். எங்களுக்கு எழுதியவர்களில் முத்துலட்சுமிகளும் சுடலைமுத்துகளும் எத்தனையோ பேர். மகள் பரீட்சைக்கு ஜெபியுங்கள் என்று எழுதுவார்கள். அவர்கள் வீட்டுத் தெய்வத்தைக் கேலி செய்த ஒரு பிரசங்கத்துக்குப் பிறகு அந்தக் கையெழுத்துகளில் பல திரும்ப வரவேயில்லை. மொழி விஷயத்தில் உங்கள் சபைக்கு எங்களைவிட அனுகூலம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ரட்சணியம் என்றால் என்ன என்று கேட்டு எனக்கு ஒருவர் எழுதினார். நீங்கள் மீட்பு என்கிறீர்கள், அது யாருக்கும் புரியும். சித்தியிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே, ரட்சணியத்தை விட்டுத்தர மாட்டார்.

தூத்துக்குடியில் பழைய சாமான் கடையில் மத்திய அலை வரும் பெட்டி ஒன்று பிடித்திருக்கிறேன். வால்யூம் திருகு மட்டும் கரகரக்கிறது. சுத்தம் செய்து வருகிற வியாழக்கிழமை சித்தியிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்தச் சிவப்பு லேபிள் துண்டைப் பழைய கண்ணாடியிலிருந்து பிய்க்காமல் எடுத்து வைத்திருக்கிறார், இதில் ஒட்டித் தர வேண்டுமாம்.

அதற்கு அடுத்த வாரம் அவரைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் போகிறேன். ராஜநாயகம் அண்ணனுக்கு எண்பத்தாறு வயது, கண் மங்கிவிட்டது, மகள் வீட்டில் இருக்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. யார் வருகிறார்கள் என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லலாமா, சித்தியே சொல்லட்டும் என்று விட்டுவிடலாமா என்று மூன்று நாளாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். நீ பெங்களூரிலிருந்து நாகர்கோவில் ரயிலில் ஏறிவிட்டால் காலையில் நான் ஸ்டேஷனில் நிற்பேன். வத்திக்கான் அட்டையையும் எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
ஜெபராஜ்