பெகுவிலிருந்து பெரியவனுக்கு

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அது புதிதல்ல. தமிழில் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது, எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய படங்கள் எல்லாம் வந்தன. ஜூன் மாதத்திலிருந்து பதினேழு. பதினேழும் பழைய பேப்பர். உன் கையால் ஒரு வரி கிடையாது. சரி, நானும் பேப்பரைப் பற்றியே எழுதுகிறேன்.

சிங்கப்பூர் நூலகத்தில் பழைய பேப்பர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று நீ முன்பு சொன்னபோது, அதில் பர்மாவில் இருக்கும் நம் பெகு எங்கே வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். 1930 மே மாத ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில், பூகம்பச் செய்தியில், ஊர்ப் பெயரைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கோயில் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்த பையன் இதையெல்லாம் தோண்டி எடுக்கிறான் என்று பக்கத்து வீட்டிலும் சொல்லியாயிற்று.

ஆனால் ஒன்று, முதல் நாள் பேப்பரில் இருக்கும் கணக்கை நம்பாதே. ரங்கூனில் உட்கார்ந்துகொண்டு காதில் விழுந்ததை எழுதியிருப்பார்கள். பெகுவில் செத்தவர்கள் ஐந்நூறு பேர் வரை என்பது பின்னால்தான் தேறியது. மே 5, ராத்திரி எட்டு மணி தாண்டி. வீட்டுக்கு வீடு விளக்கு எரிகிற நேரம், அதனால்தான் தீயும் பிடித்தது. நம் ஊர்ப் புத்தர் கோபுரம், ஷ்வேமோடோ பயா, சரிந்து விழுந்தது. பூட்டன் அப்போது செட்டியார் வட்டிக்கடையில் அடுத்தாள், தாத்தாவுக்கு ஐந்து வயது. பெட்டிச் சாவிக் கதை உனக்குத் தெரியும். அதை எந்தப் பேப்பரும் போடவில்லை.

அதே மாதக் கடைசியைப் பார். ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகளுக்கும் பர்மியருக்கும் கலவரம். அதற்கப்புறம் நீ அனுப்பியதில் நம் ஊரைப் பற்றி ஒன்றுமே இல்லை. எண்ணிப் பார்த்தேன், நமக்குக் கிடைத்தது மூன்றே வாரம்.

ரங்கூன் கெஜட் பேப்பர் எங்காவது கிடைத்தால் முன்பக்கத்தோடு நின்றுவிடாதே, ஏல அறிவிப்புகளையும் பார். நெல் விலை விழுந்து கடனைக் கட்ட முடியாமல் போன பிறகு பதின்மூன்று நெல் ஜில்லாக்களில் செட்டியார்கள் கைக்கு வந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6, 1938இல் நூற்றுக்கு 25. எட்டே வருஷம். யார் நிலம் போயிற்று என்பது ஏல அறிவிப்பில்தான் இருக்கும். அந்தக் கணக்கை எழுதிய கைகளில் பூட்டன் கையும் ஒன்று. நம் வீட்டில் அதை யாரும் பெருமையாகச் சொன்னதில்லை.

தீபாவளிக்கு டிக்கெட் பார்க்காதே. பாதையெல்லாம் தண்ணீர். வார்டு ஆபீஸிலிருந்து வந்து வீட்டு லிஸ்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியவன் ஊரில் இல்லை என்றேன், எழுதிக்கொண்டார்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவ சேவை என்று அறிவித்த பிறகு நம் தெரு எப்படி என்று உனக்கே தெரியும். சாயங்காலம் சின்லோன் பந்து ஆட ஆள் சேர்வதில்லை. அம்மா எதைச் சொல்லி அழைத்தாலும் டிக்கெட் எடுக்காதே. பாஸ்போர்ட்டை அறையில் போட்டு வைக்காதே, கூடவே வைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

மார்ச் 28 அன்று பூமி ஆடியபோது லைன் கிடைக்கும்வரை விடாமல் அழைத்தவன் நீ. ஜூனில் நான் ஒரு சத்தம் போட்டதற்கு இத்தனை நாள் பேசாமல் இருக்கலாமா? சத்தம் போட்ட அன்றைக்கு அம்மா பக்கத்தில் நின்று "வரச் சொல்லுங்க, வரச் சொல்லுங்க" என்று அழுதுகொண்டிருந்தாள். நான் சொல்ல வந்தது வேறு. வாயில் வந்தது, உனக்கு இங்கே என்ன இருக்கிறது என்று.

அந்த ஆட்டத்தில் சாமி அலமாரி முருகர் படம் விழுந்து கண்ணாடி உடைந்தது. புதுக் கண்ணாடி போடப் பிரித்தால், அட்டைக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பேப்பர் தாள். மேல்பகுதி வெட்டுப்பட்டு, பெயரும் இல்லை தேதியும் இல்லை. தாத்தா ரசிக ரஞ்சனியும் வாங்குவார், தொண்டனும் வாங்குவார். எது என்று தெரியவில்லை. ஆனால் வருஷத்தைப் பிடித்துவிட்டேன். விளம்பரத்தில் விலை ரூபாயில் இல்லை, கியாட்டில் இருக்கிறது. ஆகவே கியாட் வந்த 1952 ஜூலைக்குப் பிந்தியது. பெகு நிருபர் பயாவைத் திரும்பக் கட்டும் வேலை இன்னும் முடியவில்லை என்று எழுதுகிறார், அது 1954இல் முடிந்தது. உனக்கு மட்டும்தான் இந்த வித்தை தெரியுமா? அதே நிருபர் மார்க்கெட் சாக்கடையைப் பற்றியும் புலம்பியிருக்கிறார். சாக்கடை இன்றைக்கும் அப்படியேதான்.

இப்படி ஒரு பெட்டி நிறைய இருந்தது. 1966இல் பர்மியமும் இங்கிலீஷும் தவிர மற்ற மொழிப் பேப்பர்களை நிறுத்தும்வரை தாத்தா ஒரு நாள் விடாமல் அடுக்கி வைத்தார். கறையான் தின்றுவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். உன் அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன்.

கறையான் இல்லை. நான் விற்றேன். 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள், மாற்றியும் தரவில்லை. வீட்டில் இருந்ததெல்லாம் 75 நோட்டு. எனக்கு 22 வயது. தாத்தா மோல்மீன் போயிருந்தார். கடலைக்காரரிடம் நிறுத்துப் போட்டேன், பதினெட்டு வீசை. அரிசி வாங்கினேன். முழுக்க அரிசிதான் என்று சொன்னால் அதுவும் பொய், கட்டிக்கொள்ள ஒரு லோஞ்சியும் வாங்கினேன்.

தாத்தா திரும்பி வந்த வாரம் ஸ்டேஷன் பக்கத்தில் கடலை வாங்கி வந்தார். திண்ணையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தவர், கடலையை என் கையில் கொட்டிவிட்டுத் தாளைத் தொடையில் வைத்து நீவினார். இரண்டு பக்கமும் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை, கடைசிவரைக்கும் கேட்கவில்லை. நீ வெறும் படமாக அனுப்பும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வருகிறது. நீயாவது கேட்டுவிடு. திட்டினாலும் சரி.

தாளை இந்தக் கடிதத்தோடு அத்தை மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். மடிப்பில் பிய்கிறது, பார்த்துப் பிரி. படம் எடுத்த பிறகு பத்திரமாக வை, முருகர் படத்துக்கு வேறு அட்டை போட்டாயிற்று.

அம்மா ஊறுகாய் தந்திருக்கிறாள். அவளிடம் பேசும்போது தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு. நான் சொல்லிக் கொடுத்ததாகச் சொல்லாதே. டிக்கெட் எடுக்காதே.

அப்பா