வயலை நிரப்பாதீர்கள்: ஊர் திரும்பும் படைவீரத் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கு,

குமரி மாவட்டத்திலிருந்து ராணுவத்துக்குப் போய், ஓரிரு ஆண்டுகளில் ஓய்வு பெற்று ஊர் திரும்பவிருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். நான் பீரங்கிப் படையில் இருந்தவன். 1999-ல் கார்கில் போர் நடந்தபோது திராஸ் பகுதியில் பணியில் இருந்தேன். இப்போது திருவட்டாறு பக்கம் எண்பது சென்ட் விளையும் (மேட்டுத் தோட்டம்) நாற்பது சென்ட் வயலும் வைத்திருக்கிறேன். விளைக்குள்ளேயே ஓட்டு வீடு. உங்களிடம் ஒன்றைக் கேட்கத்தான் இந்த மடல்: ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் வயலை மண் போட்டு நிரப்பி வீடு கட்டாதீர்கள்.

ஊரில் நடப்பது உங்களுக்கே தெரியும். கிராஜுவிட்டியும், பென்சனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் கம்யூட்டேஷன் பணமும் வங்கியில் ஏறிய வாரமே சொந்தக்காரர் ஒருவர் மண் லாரிக்காரரோடு வந்து நிற்பார். ரோட்டோர வயலில் செம்மண் கொட்டப்படும். இரண்டு மாடி, கிரானைட் தரை, பெரிய கேட். வீடு குடிபுகும்போது பணம் தீர்ந்திருக்கும், கடனும் ஏறியிருக்கும். பிறகு நாற்பது வயதில், உடம்பில் தெம்பு இருக்கும்போதே, திருவனந்தபுரத்தில் ஏதோ ஓர் அடுக்குமாடி வாசலில் வேறொரு சீருடை போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டிவரும். அந்த வேலையை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. என்னோடு பணி செய்த பலர் அதைச் செய்துதான் பிள்ளைகளைக் கரையேற்றினார்கள். ஆனால் சொந்த மண்ணை மூடிவிட்டு அங்கே போய் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

வயல் என்பது உங்கள் பட்டாவில் இருக்கும் சென்ட் கணக்கு மட்டும் அல்ல. பேச்சிப்பாறை அணையை 1897-ல் தொடங்கி 1906-ல் முடித்தார்கள். அங்கிருந்து வரும் நீர் கால்வாயில் இறங்கி, கிளைக் கால்களில் பிரிந்து, மடை மடையாக வயலுக்கு வயல் பாய்ந்து கடைசி வரப்பு வரை போயாக வேண்டும். பொதுவாக ஜூன் மாதம் திறந்து பிப்ரவரியில் அடைப்பார்கள். முதல் நெல் போகமான கன்னிப்பூவின் பிற்பகுதியும் அடுத்த போகமான கும்பப்பூவும் அந்த நீரை நம்பித்தான். ஏலாவின் (தொடர் வயல்பரப்பின்) நடுவில் ஒருவர் பத்து சென்டை நிரப்பினால் கீழே இருப்பவருக்குத் தண்ணீர் எட்டாது. ஐப்பசி மழையில் மேலே இருப்பவரின் வயலில் வெள்ளம் வடியாது. இரண்டு போகம் அழுகினால் அவரும் மனம் வெறுத்து வாழை வைப்பார், அதற்கடுத்து மனையாக விற்பார். மேடாக்கிய வயலை மீண்டும் வயலாக்கிய ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்த வயலை நம்பியிருந்த கிணறுகளும் சித்திரையில் வற்றுகின்றன.

வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. விளையில், மேட்டில், அளவாகக் கட்டுங்கள். மிச்சப் பணத்தை மண்ணில் போடுங்கள்.

ஆனால் முழு விளையையும் ரப்பருக்குக் கொடுத்துவிடாதீர்கள். நட்டு ஏழு ஆண்டு கழித்துத்தான் பால் வெட்ட முடியும். 2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. வெட்டுக்கு ஆள் கிடைக்காமல் மரங்கள் சும்மா நின்ற காலம் அது. அடுத்த ஆண்டு நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வந்தது. நம் மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் நடுவில் முறிந்தன, குலை தள்ளிய வாழை தரையோடு சாய்ந்தது, தென்னை வேரோடு பெயர்ந்தது. என் விளையிலும் ஏத்தன் (நேந்திரன்) வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. ஆனால் மரச்சீனியும் (மரவள்ளி) சேனையும் காச்சில் கிழங்கும் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தன. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் கிழங்குதான் சோறு. நம் பாட்டன்மார் ஒரே விளையில் எல்லாவற்றையும் கலந்து வைத்ததன் காரணம் அன்று எனக்கு முழுதாக விளங்கியது.

தென்னைக்குத் தென்னை இருபத்தைந்து அடி விடுங்கள். அயினி மரத்திலும் பலாவிலும் நல்லமிளகுக் கொடியை ஏற்றுங்கள். நிழல் விழும் இடத்தில் சேனையும் இஞ்சியும், வெயில் விழும் இடத்தில் மரச்சீனி. வாழையில் ஓணச் சந்தைக்கு ஏத்தன் வையுங்கள், வீட்டுக்கு மட்டி வையுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப் பழத்தை நாமே நடாமல் விட்டால் வேறு யார் நடுவார்கள்? ஒரு பசுவும் நான்கு கோழியும் இருந்தால் உரத்துக்கு அலைய வேண்டாம். நெல்லுக்கு விதையும் மண் பரிசோதனையும் வேண்டுமென்றால் திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

இதில் பணக்காரர் ஆக முடியாது. காட்டுப்பன்றி ஒரே இரவில் கிழங்குப் பாத்தியைக் கிளறிவிட்டுப் போகும். மயில் நெல்லைத் தின்னும். கூலி ஏறும், விலை இறங்கும். பென்சன்தான் நமக்குப் பலம்: பயிர் பொய்த்த ஆண்டிலும் வீட்டில் அடுப்பு எரியும் என்ற தைரியம் மற்ற விவசாயிக்கு இல்லை. அதே பென்சன் ஓர் இடத்தில் தடையாகவும் வரும். மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ பென்சன் வாங்குபவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் உதவி கிடையாது. அதை எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை, அதைப் பயன்படுத்துங்கள்.

வேறொன்றையும் சொல்ல வேண்டும். கார்கிலில் நம் பீரங்கிப் படை சுமார் 2.5 லட்சம் குண்டுகளைச் சுட்டது. பீரங்கிப் பக்கத்தில் நின்றவர்களின் காது என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு இடது காது மந்தம். ஊர் வந்த பிறகும் கோயில் கொடை விழாவில் வெடி போட்டால் உடம்பு தானாகக் குனிந்துவிடும். விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும், பிறகு தூக்கம் இல்லை. எழுந்து பால் கறக்கவும் வயலில் மடை திருப்பவும் வேலை இருந்தது என்னைப் பிடித்து நிறுத்தியது. அந்த நேரத்தில் சும்மா கட்டிலில் கிடந்த என் நண்பர்கள் சிலர் குடியில் விழுந்தார்கள். அதற்காக மண்வெட்டியை மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவ மையம் இருக்கிறது. தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். நானும் சொன்னேன், மாத்திரையும் சாப்பிட்டேன்.

அக்னிவீரர்களாகப் போயிருக்கும் பிள்ளைகளை நினைத்தால் கவலை அதிகம். நான்கு ஆண்டு முடிந்ததும் நால்வரில் ஒருவரைத்தான் படை வைத்துக்கொள்ளும். மற்றவர்களுக்குப் பென்சன் கிடையாது, ஒரு மொத்தத் தொகை மட்டும்தான். மக்களே, அந்தத் தொகையில் பைக் வாங்கிவிட்டு மிச்சத்தை வீட்டுச் செலவுக்குக் கொடுத்துவிட்டால் இருபத்தைந்து வயதில் கையில் எதுவும் இருக்காது. நிலம் இல்லாதவர்கள் தேனீப் பெட்டியில் தொடங்கலாம். மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை ஸ்பென்சர் ஹாட்ச் 1920-களில் தொடங்கிய நாளிலிருந்து நம் பக்கம் வளர்ந்த தொழில் அது. ரப்பர் தளிர் விடும் தை, மாசி மாதங்களில் இலைக்காம்பிலிருந்து சுரக்கும் இனிப்பு நீரைத் தேனீ எடுக்கும். அந்தப் பருவத்தில் பெட்டியை வைக்க எஸ்டேட்காரர்களிடம் இடம் கேட்கலாம். 1990-களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் வந்து பெட்டிகள் காலியானதும் உண்டு. ஆகவே அனுபவம் உள்ளவரிடம் ஒரு பருவம் கூட நின்று கற்றுக்கொண்டு இறங்குங்கள்.

அடுத்த லீவில் வரும்போது வீட்டு பிளான் வரைபவரைத் தேடும் முன், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் இன்னும் தாத்தா பெயர்தான். 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர் பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் ஊரில் குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்பா இருக்கும்போதே அண்ணன் தம்பி, அக்காள் தங்கை எல்லோரையும் உட்காரவைத்துப் பாகப்பிரிவினையை எழுதி முடியுங்கள். பெயர் மாறினால்தான் சிட்டா, அடங்கல் கிடைக்கும், கடனும் கிடைக்கும். நீங்கள் வரும்வரை வயலைத் தரிசாகப் போடாமல், கும்பப்பூ மட்டுமாவது வைக்க யாரிடமாவது பாட்டத்துக்கு (குத்தகைக்கு) கொடுக்கச் சொல்லுங்கள். விளையில் நிற்கும் அயினியையும் பலாவையும் தடிக்காரருக்கு (மர வியாபாரிக்கு) விற்க வேண்டாம் என்று இன்றைக்கே அப்பாவுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னே ஊர் திரும்பிய ஓர் அண்ணன்